குளத்துக்கரையில் எட்டு கணுக்கள்

‘எங்கும் நிறைந்த கணிமை’ என்ற விருப்பப் பாடத்தை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்திய முதல் பருவத்தில், பதினொரு குழுக்கள் பதினொரு செயல்திட்டங்களைக் கொண்டுவந்தன. பிரித்துப் பார்த்தால் அவை அனைத்தும் ஒன்றே: ஒரு சென்சார், அதன் அளவை ரவுட்டர் வழியாக எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பும் ஒரு சிறிய மின்னணுப் பலகை, அந்தச் சர்வரிலிருந்து எண்ணை வாங்கிக் கைபேசியில் கோடாக வரையும் ஒரு செயலி. ஒரு பிற்பகலில் மின்சாரம் நின்று ரவுட்டர் அணைந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பலகைகள் ஒரே மேசையில் இரண்டு முழ இடைவெளியில் இருந்தும் ஒன்றுக்கொன்று எதையும் சொல்ல இயலாமல் நின்றன. காரணம் கேட்டபோது, “நெட் இல்லையே சார்” என்று ஒரு மாணவர் இயல்பாகச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்குக் கடல் கடந்த ஒரு கணினியின் அனுமதி தேவை என்பதை அவர்கள் இயற்கை விதியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், அப்படி எடுத்துக்கொள்ளும்படி கற்பித்தவன் நான்தான் என்பதும் அன்று எனக்கு உறைத்தன. அடுத்த ஆண்டு ஆய்வகத்திலிருந்து ரவுட்டரை எடுத்துவிட்டேன். அதன் பிறகு நடந்தவற்றை, இதே பாடத்தை நடத்தும் பிறருக்கு உதவும் என்று இங்கே பதிகிறேன்.

இந்தத் துறைக்குப் பெயரிட்டவர் மார்க் வைசர். அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் 1988-ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்தக் கருத்தை முன்வைத்தார். 1991-இல் வெளியான அவருடைய கட்டுரை அதை உலகறியச் செய்தது. கணினி மனிதனின் கவனத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல், அவன் வாழும் இடத்தோடு கலந்து பின்னணிக்குப் போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். அதே மையத்தில் 1987-இல் வேறொரு குழு, பல கணினிகளில் இருக்கும் தரவுப் பிரதிகளை ஒரு தலைமைக் கணினி இல்லாமலேயே ஒத்துப்போகச் செய்வதற்கு, ஊரில் செய்தி வாய்வழியாகப் பரவும் முறையை ஆராய்ந்து எழுதியது. பாடத்திட்டங்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களில் வைத்திருக்கின்றன. பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளக் கற்காத வரையில் கணினி பின்னணிக்குப் போகவே முடியாது என்பதால், இவை ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள் என்றே நான் கருதுகிறேன்.

பலகைகளைக் கையில் கொடுப்பதற்கு முன் வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். முப்பது மாணவர்கள், ஒருவரிடம் மட்டும் ஒரு சொல். ஒவ்வொரு சுற்றிலும் சொல்லை அறிந்தவர் ஒவ்வொருவரும் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதில் வரும் எண்ணுக்குரிய ஒருவரிடம் அதைச் சொல்ல வேண்டும். அவர் முன்பே அறிந்தவராக இருந்தால் அந்தச் சீட்டு வீண். முப்பது பேருக்கு ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது சுற்றுகள் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது. எங்களுக்கு ஒன்பது ஆயின. மாணவர்கள் கவனித்தது வேறு. ஐந்தாவது சுற்றுக்குள் வகுப்பில் பாதிக்கு மேல் அறிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் கடைசி மூன்று நான்கு பேரைத் தேடுவதிலேயே போயிற்று. “தெரியாதவங்களே போய்க் கேட்டா சீக்கிரம் முடிஞ்சிருமே சார்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னார். தள்ளுதல் (அறிந்தவர் போய்ச் சொல்வது), இழுத்தல் (அறியாதவர் போய்க் கேட்பது) என்று நூல்கள் பிரித்துச் சொல்லும் வேறுபாட்டை அவர் தாமாகவே கண்டடைந்துவிட்டதால், அந்தப் பகுதியை நான் கரும்பலகையில் நடத்தவே இல்லை.

வேலைக்கு எடுத்துக்கொண்ட இடம், வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், கன்னடியன் கால்வாயிலிருந்து நீர் பெறும் ஒரு குளம். கரையின் நீளம் ஏறத்தாழ 700 மீட்டர். கரையில் மூன்று மடைகளும், ஒரு முனையில் மிகைநீர் வழியும் கலுங்கும், மறுமுனையில் நீர் உள்ளே வரும் வரத்துக்காலும் உண்டு. குளத்தின் நீர்மட்டம் எங்கு அளந்தாலும் ஒன்றுதான் என்பதால், பல சென்சார்கள் எதற்கு என்ற கேள்வி முதல் நாளே எழுந்தது. கலுங்கில் மட்டும் குளத்தின் மட்டத்தை அளப்பது, வரத்துக்காலில் உள்ளே வரும் நீரின் உயரத்தை அளப்பது, மூன்று மடைகளிலும் மடைக்கு வெளியே வாய்க்காலில் ஓடும் நீரின் உயரத்தை அளப்பது என்று முடிவு செய்தோம். மடை திறந்திருக்கிறதா, எவ்வளவு பாய்கிறது என்பதை அது சொல்லிவிடும். பலகை வைத்த ஒவ்வொரு பெட்டியையும் கணு என்று அழைத்தோம். இடைவெளி நிரப்ப இரண்டு பனைமரங்களில் செய்தியை வாங்கிக் கடத்த மட்டும் இரண்டு கணுக்கள். ஆக, 120 மீட்டருக்கு ஒன்றாக ஏழு. மடைகளைத் திறந்து அடைக்கும் பொறுப்பில் இருக்கும் அண்ணாச்சியின் வீட்டுத் திண்ணையில் எட்டாவது.

ஒவ்வொரு கணுவிலும் அப்போது ஏறத்தாழ 400 ரூபாய்க்குக் கிடைத்த, வைஃபை வசதியுள்ள ஒரு இஎஸ்பி32 பலகை இருந்தது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இஎஸ்பி-நவ் என்ற நெறிமுறை: ரவுட்டரும் இணைப்பு நடைமுறையும் இல்லாமல் ஒரு பலகை மற்றொன்றுக்கு நாங்கள் பயன்படுத்திய பதிப்பில் ஒரே முறையில் 250 பைட் வரை நேராக அனுப்பலாம். எல்லாப் பலகைகளும் ஒரே வைஃபை சேனலில் இருக்க வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. நீரின் உயரம் அளக்க, கார் பின்பக்கம் வரும்போது ஒலி எழுப்பும் சென்சாரைப் போன்ற, நீர் புகாத ஒலியலைச் சென்சார் வாங்கினோம். திறந்த வாயுள்ள மலிவான வகை இந்த ஈரத்தில் நெடுநாள் தாங்காது. நீர் புகாத வகைக்கு ஏறத்தாழ 20, 25 சென்டிமீட்டருக்கும் கிட்டத்தில் உள்ள பரப்பு தெரியாது என்பதால், அதை உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது.

ஆய்வக மேசையில் எல்லாம் ஓடியது. கரையில் எதுவும் ஓடவில்லை.

முதல் தவறு உயரம். வயலில் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று முழங்கால் உயரக் குச்சிகளில் பெட்டிகளைக் கட்டியிருந்தோம். அறுபது மீட்டருக்கு மேல் செய்தி போகவில்லை. இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று பார்த்தால் போதும் என்று மாணவர்கள் நினைத்திருந்தார்கள். அலை ஒரு கோடாகப் போவதில்லை; நடுவில் பருத்த ஒரு கதிர்வடிவ வெளியை அது கேட்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 120 மீட்டர் தொலைவுக்கு அந்த வெளியின் நடு ஆரம் ஏறத்தாழ 1.9 மீட்டர் என்று கரையில் உட்கார்ந்தே கணக்கிட்டோம். நாங்கள் அந்த வெளியில் ஒரு பெரும் பங்கை மண்ணுக்குள் வைத்திருந்தோம். மூங்கில் கழிகளில் இரண்டரை மீட்டருக்கு உயர்த்தியதும் அன்று மாலையே ஏழும் அடுத்ததை எட்டின. எங்கும் நிறைந்த கணிமையில் ‘எங்கும்’ என்பதற்கு மண், மரம், உயரம், ஈரம் என்ற பொருள் உண்டு என்பதை எந்தப் படவிளக்கத்தாலும் இவ்வளவு விரைவில் என்னால் புரியவைத்திருக்க முடியாது.

இரண்டாவது தவறு மின்சாரம். 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பலகையின் 5 வோல்ட் முனையில் இணைத்திருந்தோம். பலகையிலுள்ள மின்னழுத்த ஒழுங்குபடுத்தி தனக்கென்று ஏறத்தாழ ஒரு வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் வகை. ரேடியோ அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏற, அழுத்தம் விழுந்து, பலகை தன்னைத்தானே மீண்டும் தொடக்கிக்கொண்டது. 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை நேராக 3.3 வோல்ட் முனையில் கொடுத்து அதைத் தீர்த்தோம். அவ்வாறு இணைத்திருக்கும்போது யூஎஸ்பி கம்பியைச் செருகக் கூடாது என்று ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் எழுதி ஒட்டினோம்.

பேட்டரி அழுத்தத்தை அளக்கும் நிரல் மேசையில் சரியாக இருந்து கரையில் பொய் சொன்னது, கிட்டத்தட்ட ஒரு வாரத்தை விழுங்கியது. பலகையிலுள்ள இஎஸ்பி32 சில்லில் அழுத்தத்தை எண்ணாக்கும் பகுதிகள் இரண்டு உண்டு. வைஃபை இயங்கும்போது இரண்டாவது பகுதியின் முனைகளை நம்பிப் பயன்படுத்த முடியாது. மேசையில் ரேடியோவை இயக்காமல் சோதித்ததால் தவறு தெரியவில்லை. 25-ஆம் முனையிலிருந்து 34-ஆம் முனைக்குக் கம்பியை மாற்றியதோடு முடிந்தது.

இனி இந்தப் பதிவின் மையமான பகுதிக்கு வருகிறேன். செய்தி எப்படிக் கடக்க வேண்டும்? பெரும்பாலோர் எழுதிய முதல் நிரல், வந்த செய்தியை அப்படியே எல்லோருக்கும் திருப்பி அனுப்புவது. ஒரே செய்தி முன்னும் பின்னும் சுழன்று வானையே நிறைத்தது. பார்த்த செய்தியை மீண்டும் அனுப்பாதிருக்க ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு நினைவில் வைத்தார்கள். அது ஓடியது, ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்த அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்த கணு அந்தச் செய்தியை என்றைக்குமாகத் தவறவிட்டது. வகுப்பு விளையாட்டில் ‘கேட்டால் முடிந்துவிடுமே’ என்ற மாணவியே இதற்கும் வழி சொன்னார். ஒரு கணுவின் அளவு, வரிசை எண், பேட்டரி நிலை எல்லாம் 16 பைட்டில் அடங்குகின்றன. எட்டுக் கணுக்களுக்கு 128 பைட். ஒரே முறையில் அனுப்பும் தொகுப்பான ஒரு பாக்கெட் 250 பைட் வரை தாங்கும். தனித்தனிச் செய்திகளை எதற்குக் கடத்த வேண்டும்? ஒவ்வொரு கணுவும் எட்டுப் பேரைப் பற்றியும் தனக்குத் தெரிந்த முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் சொல்லட்டும். கேட்பவர் ஒவ்வொரு வரியிலும் புதியது எதுவோ அதை வைத்துக்கொள்ளட்டும். இதனால் எத்தனை முறை கேட்டாலும், எந்த வரிசையில் கேட்டாலும், பட்டியல் கெடுவதில்லை. பதினைந்து கணுக்கள் வரை இந்த முறை ஒரே பாக்கெட்டில் தாங்கும். எங்களுக்கு எட்டே போதும்.

இரண்டு நாள் கழித்து, இரண்டாம் மடையின் அளவு அசையாமல் நின்றது. மடைக் கணு நன்றாகவே இருந்தது. அதன் அருகில் நின்று கேட்டால் சரியான அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. மற்ற ஏழும் அதை ஏற்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று: பேட்டரி முனை தளர்ந்து அந்தப் பலகை ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது, எழுந்தபோது வரிசை எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது, மற்றவற்றிடம் அதன் பழைய எண் 412 இருந்ததால், புதிய உண்மையைப் பழைய செய்தி என்று அவை தள்ளிவிட்டன. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது அழியாத நினைவகம், மின்சாரமே துண்டிக்கப்பட்டால் அழிந்துவிடும் என்பதை அவர்கள் படித்திருந்தார்கள். அதன் விளைவு இப்படி இருக்கும் என்று எண்ணியதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் புதிதாக வரும்போதும் ஒன்று கூடும் ‘பிறவி எண்’ ஒன்றை, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி, ஒப்பிடும்போது முதலில் பிறவி எண்ணையும் அதன் பின் வரிசை எண்ணையும் பார்க்கும்படி மாற்றினோம். அந்தப் பெயரை வைத்தவர்கள் மாணவர்கள்தாம். பொருத்தமான பெயர் என்பதால் நிரலிலும் அதையே விட்டுவிட்டேன்.

அதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் வந்தது. கடத்துவதற்காகப் பனையில் கட்டிய கணு ஒன்று மழையில் நனைந்து நின்றுவிட்டதால், கரை இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு பாதியும் மறுபாதியின் கடைசி அளவை மாறாத உண்மையாக நினைத்து இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தது. சர்வர் இருந்தால் ‘இணைப்பு இல்லை’ என்று சிவப்பாகக் காட்டியிருக்கும். இங்கே அப்படிச் சொல்ல யாருமில்லை. ஒவ்வொரு அளவோடும் அதன் வயதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வயது ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ‘தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதினோம். ‘தெரியவில்லை’ என்பதும் ஒரு விடை என்று நிரலில் எழுதுவதற்கு மாணவர்களைப் பழக்குவது கடினம். காலியிடத்தில் ஏதேனும் ஒரு எண்ணை நிரப்பவே அவர்கள் கை போகிறது.

வயது என்றால் நேரம் வேண்டும். பேட்டரி நீடிக்க, ஒவ்வொரு கணுவும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நொடி மட்டும் விழித்திருக்கும் என்பது ஏற்பாடு. தூக்கத்தில் இந்தச் சில்லு நேரத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் உள்கடிகாரம் துல்லியமானதன்று. வெப்பம் மாற மாற அதன் வேகமும் மாறும். காலை ஆறு மணிக்கு ஒன்றாக விழித்தவை நண்பகலுக்குள் ஒன்று விழிக்கும்போது மற்றொன்று தூங்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஒரே கணுவில் துல்லியமான கடிகாரச் சில்லு வைத்து மற்றவை அதைப் பின்பற்றட்டும் என்பது பெரும்பாலோரின் யோசனை. அந்த ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். விலக்கி வைத்த சர்வரை வேறு பெயரில் மீண்டும் கூப்பிடுகிறோம் என்பது அவர்களுக்கே விளங்கிற்று. இறுதியில், ஒரு கணு பக்கத்துக் கணுவின் நேரத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் தன் நேரத்தை வித்தியாசத்தில் பாதியளவு அதன் பக்கம் நகர்த்திக்கொள்ள வேண்டும் என்று வைத்தோம். யாரும் தலைவர் இல்லை. ஆனால் சில சுற்றுகளில் எல்லோரும் ஒரு பொது நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அது இந்திய நேரத்திலிருந்து சில நிமிடங்கள் விலகியிருக்கலாம். குளத்துக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போய்ச்சேர இப்போது அதிகமாகப் பத்து நிமிடம் ஆகிறது. இதையும் குறைக்க வேண்டும் என்று துடித்த ஒரு குழுவிடம், குளம் பத்து நிமிடத்தில் எவ்வளவு ஏறும் என்று அளந்துவரச் சொன்னேன். அளந்துவந்த பிறகு அவர்கள் அந்தக் கோரிக்கையைத் திரும்ப எழுப்பவில்லை.

எட்டாவது கணுவைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வைசர் நினைத்தது அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணாச்சிக்குக் கைபேசிச் செயலி ஒன்று எழுதித்தர வேண்டும் என்பதே முதல் திட்டம். கவனத்தைப் பறிக்காத அமைதியான கருவிகளைப் பற்றி வைசரும் ஜான் சீலி பிரவுனும் எழுதியபோது சுட்டிய எடுத்துக்காட்டு ஒன்றை வகுப்பில் சொன்னேன்: நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் அதே ஆய்வு மையத்தில் கூரையிலிருந்து தொங்கவிட்ட எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு. கணினி வலையில் போக்குவரத்து கூடினால், ஒரு சிறிய மோட்டார் அதை வேகமாகச் சுழற்றும். குறைந்தால் மெல்ல அசையும். அதைக் கேட்ட இரண்டு மாணவர்கள் மறுவாரம் பனை ஓலைக் காற்றாடி ஒன்றைச் சிறிய மோட்டாரில் பொருத்திக்கொண்டு வந்தார்கள். கலுங்கின் விளிம்பை நீர் நெருங்க நெருங்க அது வேகமாகச் சுழலும். அளவு தெரியாதபோது சுழலாமல் பின்னும் முன்னும் ஆடும். அதற்கு மட்டும் வீட்டு மின்சாரம்.

அண்ணாச்சி இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, பகல்ல சரி. ராத்திரி தூங்கயில இத யாரு பாத்துக்கிட்டு இருப்பா? சத்தம் கேக்கணும்லா” என்றார். காற்றாடியின் இதழ்கள் உரசும்படி ஈர்க்கு ஒன்றை நீட்டிக் கட்டினோம். மெல்லச் சுழன்றால் டொக் டொக் என்று விட்டுவிட்டும், குளம் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாயும் அளவு வந்தால் இடைவிடாமலும் ஒலிக்கிறது. மெல்லிய ஒலிக்கு அவர் தூக்கம் கலைவதில்லை என்றும், ஒலி மாறினால் விழிப்பு வந்துவிடுகிறது என்றும் அவர் சொன்னதை மாணவர்கள் தம் அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவும் நாள்களில் அவர் திண்ணையைக் கடந்து வயலுக்குப் போகிறவர்கள் நின்று காற்றாடியைப் பார்த்துவிட்டுப் போவதை நானும் பார்த்தேன். அவர்களில் யாரும் அதைக் கணினி என்று குறிப்பிடவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். எல்லோருக்குமாக ஒலிபரப்பும் செய்தியை இஎஸ்பி-நவ் மறைகுறியாக்காது. சேனல் தெரிந்த எவரும் பொய்யான அளவைச் சேர்த்துவிடலாம் என்பதை வேறொரு குழு செய்தே காட்டியது. இப்போது ஒவ்வொரு பாக்கெட்டின் இறுதியிலும் எல்லாக் கணுக்களும் அறிந்த ஒரு ரகசியச் சொல்லைக்கொண்டு கணக்கிட்ட எட்டு பைட் முத்திரை இருக்கிறது. ஒருமுறை பதிந்துகொண்ட பழைய பாக்கெட்டை மீண்டும் ஒலிபரப்பினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, பிறவி எண்ணும் வரிசை எண்ணும் அளவைப் பொறுத்தமட்டில் விடை சொல்லிவிடுகின்றன. நேரத்தைப் பொறுத்தமட்டில் சொல்லவில்லை: பழைய நேரத்தைக் கேட்கும் கணு தன் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொள்ளும். அது அடுத்த பருவத்தின் முதல் பயிற்சி.

பேட்டரிக் கணக்கில் ஒரு பாடம் மிச்சமிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குப் பத்து நொடி விழிப்பு, விழித்திருக்கும்போது 100 மில்லி ஆம்பியர் என்றால் சராசரி 3.3 மில்லி ஆம்பியர். 1500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி பத்தொன்பது நாள் வர வேண்டும். ஐந்தாறு நாளிலேயே தீர்ந்தது. சில்லு ஆழ்ந்த தூக்கத்தில் பத்து மைக்ரோ ஆம்பியர் அளவிலேயே எடுக்கும். ஆனால் பலகையில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கும் பிற உறுப்புகளும் அளந்தபோது ஒன்பது மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தன. விளக்கையும் ஒழுங்குபடுத்தியையும் சூடுவைத்துக் கழற்றிய பிறகு பதினாறு நாள் வருகிறது.

தீராத ஒன்று முதல் மடையில் இருக்கிறது. நண்பகலில் வாய்க்காலின் நீர் மூன்று சென்டிமீட்டர் ஏறி மாலையில் இறங்குவதாக அது காட்டுகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் நீர் அசையவே இல்லை. ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர்; 25 டிகிரிக்கும் 38 டிகிரிக்கும் இடையில் அது ஒன்றரை மீட்டர் தொலைவில் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் பிழையாகும். எனவே வெப்பம் அளக்கும் சென்சார் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துத் திருத்தினோம். இப்போது நண்பகலில் நீர் இறங்குவதாகக் காட்டுகிறது, ஏனெனில் வெயில் படும் கறுப்புப் பெட்டியின் உள்வெப்பம் வெளிக்காற்றின் வெப்பமன்று. அந்தச் சென்சாரை நிழலில் கீழே தொங்கவிடுவதா, அல்லது நீரோட்டத்துக்கு மேலே பனை நிழலில் இருக்கும் மூன்றாம் கணுவின் வெப்ப அளவைப் பட்டியல் வழியாகக் கேட்டுப் பெறுவதா என்று இரண்டு குழுக்கள் மாறுபடுகின்றன. இரண்டையும் வரும் சனிக்கிழமை கரையில் வைத்துப் பார்க்க, வெள்ளை வண்ணம் பூசிய புதுப் பெட்டி ஒன்றும் ஆறு மீட்டர் கம்பியும் வாங்கி வைத்திருக்கிறேன்.